கொக்கிக்குக் கீழே

ஒரு கட்டு இரும்புக் கம்பியைக் கொண்டுபோய்க் கழிவறையின் உச்சந்தலையில் இறக்கி வைத்தவர் என்ற பெருமை உலகத்தில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? மேலாளருக்கு வாய்த்தது. அதுவும் பட்டப்பகலில், கட்டடத்து ஆட்கள் அத்தனை பேரும் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கையில்.

மேலாளர் என்றதும் சுழல் நாற்காலியில் சாய்ந்திருப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். பாதி எழும்பி நிற்கும் அந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் பக்கத்தில் வானத்தைக் குத்திக்கொண்டு ஒரு கிரேன் நிற்கிறது. அதன் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து நாளெல்லாம் விசையை இழுப்பவர் அவர். எப்போதும் மேலேயே இருக்கிற ஆள் என்பதால் யாரோ வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. "எல்லாருக்கும் தலைக்கு மேல வேலை. எனக்கு எல்லார் தலைக்கும் மேல வேலை" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இந்த நகைச்சுவையைக் கேட்காத ஆள் அங்கே சிமெண்ட் மூட்டை மட்டும்தான்.

கீழே அவருக்குக் கண்ணும் காதும் மச்சினன். மனைவியின் தம்பி, இவர்தான் கையைப் பிடித்து அந்த வேலையில் சேர்த்துவிட்டார். மஞ்சள் தொப்பியும் வாக்கி டாக்கியுமாகக் கொக்கிக்கு அடியில் நின்று அவன் "இறக்கு" என்பான். இவர் மேலிருந்து "இறக்கு, சரி" என்று திருப்பிச் சொல்லிவிட்டு இறக்குவார். அவன் "நிறுத்து" என்றால் "நிறுத்து, சரி" என்று சொல்லி நிறுத்துவார். திருப்பிச் சொல்லாமல் விசையைத் தொடக் கூடாது என்பது அந்தத் தொழிலில் அரிச்சுவடி.

அன்று கம்பிக்கட்டு, ஆட்களுக்காக வைத்திருந்த பிளாஸ்டிக் கழிவறைக்கு மேலே வந்து நின்று, பக்கவாட்டில் நகர்ந்து, மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். நிற்கவில்லை. அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போனது. கழிவறை காலித் தீப்பெட்டி மாதிரி மடங்கியது. உள்ளே யாரும் இல்லை. ஆனால் கையில் போனோடு இன்ஜினியர் அதை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தார். கதவைத் தொடச் சில எட்டுகள்தான் பாக்கி. அவர் நின்ற நிலையைப் பார்த்தவர்கள், இனி அவருக்குக் கழிவறை தேவைப்படாது என்று பேசிக்கொண்டார்கள்.

மேலாளர் வாக்கி டாக்கி செட்டை வாயருகே வைத்து, "யாருக்காவது அவசரம்னா கொஞ்சம் அடக்கிக்குங்கப்பா" என்றார். கட்டடமே சிரித்தது. மச்சினனின் மஞ்சள் தொப்பி மட்டும் நின்ற இடத்தில் அசையாமல் நின்றது.

அவர் ஏணியில் இறங்கி வருவதற்குள் வழக்கு விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது. குற்றவாளி வாக்கி டாக்கி. இன்ஜினியர் போனில் சொல்ல, மறுமுனையில் காண்ட்ராக்டர் கத்தியது பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்டது: "பழைய செட்டுய்யா அது! புதுசு கொடுங்க. வேலை நிக்கக் கூடாது."

செட்டு குற்றவாளியாக இருப்பதில் எல்லாருக்கும் சௌகரியம் இருந்தது. முன்பு மேலே இரண்டு பேர் முறை மாற்றி உட்கார்ந்தார்கள். இன்னொரு ஆபரேட்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். "புது ஆள் வர்ற வரைக்கும் கொஞ்ச நாள் சமாளிங்க" என்றார்கள். கொஞ்ச நாள் என்பது ரப்பர் மாதிரி. இழுக்க இழுக்க வந்தது. மழைக்காலம் போய் வெயில் காலம் வந்தும் புது ஆள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளும் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. மேலாளர் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

"செட்டுல நிஜமாவே கோளாறாடா?" என்று மச்சினனிடம் கேட்டார்.

"பழைய செட்டு மாமா. விடுங்க."

"நீ சொன்னது எனக்குக் கேக்கவே இல்லையே. நீ நிறுத்துன்னு சொன்னியா, இல்லையா?"

"அதான் யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. விடுங்க மாமா" என்றவன், ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தான். கயிறு ஏற்கெனவே கட்டியிருந்தது.

சாயங்காலம் ஸ்டோர் அறையில் அந்தப் பழைய செட்டைக் கண்டார். கை சும்மா இருக்காமல் பொத்தானை அழுத்தி "ஹலோ" என்றார். மேசையின் மறுமுனையில் இருந்த இன்னொரு செட்டு அவர் குரலிலேயே, தொண்டைக் கரகரப்பு உட்பட, "ஹலோ" என்றது.

"நல்லாத்தானே இருக்கு?"

ஸ்டோர்காரர் கணக்குப் பார்ப்பதிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "டாக்டர் வீட்டு வாசப்படி ஏறினா பல்வலி நின்னுடும்ல? அந்த மாதிரிதான். நேத்து வேலை செஞ்சிருக்காது."

"நேத்தா? இன்னைக்குக் காலைலங்க."

"அதான்" என்றார் ஸ்டோர்காரர், எதுதான் என்று சொல்லாமல்.

வீட்டுக்குப் போனால் அவருடைய நாற்காலியில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம். வாடகை கொடுக்கிற தோரணையில் அவரைப் பார்த்தது.

"இது யாரைக் கேட்டு உள்ள வந்துச்சு?" என்று குரலை உயர்த்தினார். சமீபமாக அவருக்குக் குரல் சட்டென்று உயர்ந்துவிடுகிறது. போன வாரம், தட்டில் கரண்டி உரசிய சத்தத்துக்கு மகளை அதட்டியிருந்தார். அன்றிலிருந்து அவள் கையால் சாப்பிடுகிறாள். அவர் இருக்கும்போது டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கிறாள்.

"உங்களக் கேட்டுத்தான்ப்பா" என்றாள் மகள். "முந்தாநாள் வந்து பக்கத்துல நின்னு கேட்டேன். சரின்னு சொன்னீங்க."

"நானா?"

"பேர் என்ன வெக்கலாம்னும் கேட்டேன். நீங்கதான் பேர் வெச்சீங்க."

"என்ன பேர் வெச்சேன்?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"இறக்கு" என்றாள் மகள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. பூனைக்கு இறக்கு என்று பேர் வைத்த முதல் மனிதன்! சிரித்துக்கொண்டே நினைவைத் துழாவினார். குழந்தை பக்கத்தில் வந்து நின்றது, பூனையைக் கேட்டது, பேர் கேட்டது எதுவுமே அவருக்கு நினைவில் இல்லை. கனவு போல மங்கலாகக்கூட இல்லை. துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

"நான் எப்படி இருந்தேன் அப்ப?" என்று மனைவியிடம் கேட்டார். "தூங்கிட்டு இருந்தேனா?"

"கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. எந்தக் கேள்விக்கும் சரிதானே சொல்றீங்க இப்பல்லாம்" என்றவள், அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல அவசரமாகத் தட்டை எடுத்து வைத்தாள். "சாப்பிடுங்க. ஆறிடும்."

கை கழுவிவிட்டு வரும்போது அவள் பின்கட்டில் போனில் பேசுவது கேட்டது. "நீயே சொல்லுடா... நான் எப்படிடா சொல்றது..." அவர் நிழல் விழுந்ததும், "சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். யாரு என்றார். ராங் நம்பர் என்றாள். ராங் நம்பரை டா போட்டுப் பேசுகிற அளவுக்கு அவள் பழக்கம் பெருகியிருந்தது அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை அவர் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஏறி வந்ததுதான் நினைவில் இல்லை. ஏணியின் நடுவில் ஒரு சின்ன இரும்பு மேடை உண்டு. தினமும் அங்கே நின்று மூச்சு வாங்கி, "இந்த வயசுல எனக்கு இது தேவையா?" என்று கம்பியைக் கேட்டுவிட்டுத்தான் மிச்சத்தை ஏறுவார். இன்று நின்றாரா? கேட்டாரா? கையில் துரு ஒட்டியிருந்தது. ஆக, ஏறியிருக்கிறார். இவரை ஏற்றி விட்டது யார்?

புது செட்டில் மச்சினனின் குரல் கணீரென்று வந்தது. "காலை வணக்கம் மேலாளரே. முதல்ல செங்கல்லு."

"செங்கல்லு, சரி."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே ஒருமுறை காதில் வாங்கிக்கொண்டார். பிறகு காலடிக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார்.

வழக்கமாகக் கொக்கி இறங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மச்சினன் நிற்பான். சுமை தலைக்கு மேலே ஆடும்போதும், மர நிழலில் நிற்கிறவன் மாதிரி இடுப்பில் கை வைத்து அண்ணாந்திருப்பான். இன்று மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றான். சரி, வெயில் என்று நினைத்துக்கொண்டார். செங்கல் இறங்கியது.

அடுத்தது பலகைக் கட்டு. மஞ்சள் தொப்பி மணல் குவியலைத் தாண்டிச் சுவரோரம் போயிருந்தது. அங்கிருந்து அவன் கைகளை வீசி யாரையோ விரட்டினான். டீ வாளியோடு குறுக்கே வந்த பெண், வந்த வழியே திரும்பி ஓடினாள். அடுத்தது சிமெண்ட் தொட்டி. தொப்பியை உடனே கண்டுபிடிக்க முடியவில்லை. தேடிப் பார்த்தால், வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. குரல் மட்டும் காதுக்குள் உட்கார்ந்து பேசுவது மாதிரி நெருக்கமாக இருந்தது: "இறக்கு... மெதுவா இறக்கு..."

அப்போதுதான் அவர் அந்த வட்டத்தைப் பார்த்தார். கொக்கிக்கு நேர் கீழே ஒரு வெறும் தரை. கம்பி கட்டுகிறவர்கள், மண் சுமக்கிறவர்கள், தண்ணீர் அடிக்கிறவர்கள் எல்லாரும் அதன் விளிம்பைச் சுற்றிப் போனார்கள். அவர் கொக்கியை இடப்பக்கம் நகர்த்தினார். வட்டமும் இடப்பக்கம் நகர்ந்தது. ஆட்கள் தலையைத் தூக்காமலே விலகி வழிவிட்டார்கள். வலப்பக்கம் நகர்த்தினார். அங்கேயும் தரை காலியானது. தண்ணீரில் எண்ணெய்ச் சொட்டு விட்ட மாதிரி. எல்லாருக்கும் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர் ஒருவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

தொங்கும் சுமையைப் பத்திரமாக இறக்கி முடித்தார். பிறகுதான் விசையிலிருந்து கையை எடுத்தார்.

செட்டில் இன்ஜினியர் வந்தார். "மேலாளரே, சாப்பாட்டுக்கு அப்புறம் ஜெனரேட்டர். மொட்டை மாடிக்கு. லாரிக்காரன் நிக்கிறான், வெயிட் பண்ண மாட்டான்."

ஜெனரேட்டர் என்பது ஒரு சின்ன யானை. அதைக் கட்ட ஆள் வேண்டும், பிடித்துத் திருப்ப ஆள் வேண்டும், மாடியில் வாங்கி உட்கார வைக்க ஆள் வேண்டும். அதற்கு வட்டம் போட்டு விலகி நிற்க முடியாது. சுமைக்கு அடியிலும் பக்கத்திலும் மனிதர்கள் நின்றே தீர வேண்டும். முதல் ஆளாக மச்சினன்.

வழக்கமாக அவருடைய சாப்பாடு கயிற்றுப் பையில் மேலே வரும். அன்று அவரே இறங்கினார். ஒவ்வொரு படியையும் கையால் அழுத்திப் பார்த்து இறங்கினார். நடு மேடையில் நின்றார். நின்றது நினைவில் இருக்கட்டும் என்று கம்பியை இரண்டு முறை தட்டினார். மச்சினனிடம் செட்டிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் அந்தச் செட்டில் பேசினால் கட்டடம் முழுக்கக் கேட்கும். பூசி மெழுகத்தான் அது லாயக்கு.

மச்சினன் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் டிபன் பாக்ஸைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்தான்.

"என்ன மாமா, எங்க ஊருக்கெல்லாம் வந்திருக்கீங்க?"

"நீங்கல்லாம் எட்டிப் போயிட்டீங்களே, அதான் தேடிட்டு வந்தேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை.

"கேட்டுகிட்ட நின்னு கிரேனுக்குச் சைகை சொல்ற ஆள நான் இன்னைக்குத்தான்டா பார்க்கிறேன். அடுத்த தடவை வீட்ல இருந்தே சொல்லுவியா?"

"வெயில் மாமா."

"கேட்டுலதான்டா வெயிலு."

இவர் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தார். தூசி எழும்பி அடங்கியது. சிரிப்பு மூட்டும்படி ஏதாவது சொல்லலாம் என்று தேடினார். இத்தனை நாளில் முதல் தடவையாக ஒன்றும் அகப்படவில்லை.

"நேத்து நீ நிறுத்துன்னு சொன்ன" என்றார். "செட்டு நல்லாத்தான் இருந்துச்சு."

"மாமா..."

"நான் என்ன சொன்னேன்?"

அவன் டிபன் பாக்ஸின் மூடியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். "நிறுத்து, சரின்னு சொன்னீங்க. திரும்பக் கத்தினேன். திரும்பவும் அதே மாதிரி, அவ்ளோ அமைதியா, நிறுத்து, சரின்னு சொன்னீங்க. சொல்லிட்டே இறக்கினீங்க." மூடியிலிருந்து விரலை எடுத்தான். "செட்டுன்னு நான்தான் சொன்னேன் மாமா. உங்களுக்கு வேலை போயிடுமேன்னு. அக்கா முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு."

கட்டடத்தின் நிழல் மெல்ல அவர்கள் காலடிக்கு வந்துகொண்டிருந்தது. அதன் மேல் கிரேனின் நிழல், ஆள் இல்லாத கூண்டோடு, காற்றில் லேசாக ஆடியது.

"எனக்குத் தெரியாதுடா" என்றார் மேலாளர். "சொன்னதே தெரியாது. காலைல ஏறினதும் தெரியாது. பாப்பா வந்து நின்னதும் தெரியாது. நல்லா தூங்கி எழுந்தா சரியாப் போயிடும்னு தினமும் நினைச்சேன். தூக்கமும் வர்றதில்ல. டாக்டர்கிட்ட போகணும்னா லீவு கேக்கணும். லீவு கேட்டா வேற ஆள் இல்ல."

மச்சினன் இடுப்பில் இருந்த செட்டு கரகரத்தது. "மேலாளரே, ஏறியாச்சா? லாரி வந்துடுச்சு. ஜெனரேட்டரைக் கட்டச் சொல்லவா?"

இருவரும் அதைப் பார்த்தார்கள். பதில் சொல்ல அவருடைய வாய் தானாகத் திறந்தது. அதை அவரே பார்த்துவிட்டார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எட்டி அந்தச் செட்டை ஆஃப் செய்தார்.

"அக்காவ விடு. வேலைய விடு. காண்ட்ராக்டர விடு" என்றார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. மழுப்பாம சொல்லு. நான் இப்ப மேல ஏறினா, நீ அந்த ஜெனரேட்டருக்கு அடியில நிப்பியா?"

மச்சினன் நிமிர்ந்து அவர் கண்களைப் பார்த்தான்.

"நிக்க மாட்டேன் மாமா. வேற யாரையும் நிக்க விடவும் மாட்டேன்."