கடைசித் தெருப் பாட்டில்

வாரம் ஒரு பாட்டில் தண்ணீரைக் கடைசித் தெருக் குழாயில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. பம்ப் ஆபரேட்டருக்கோ அந்தத் தெரு இருக்கும் மேட்டில் ஏறுவதென்றால் வேப்பங்காயாய்க் கசக்கும். தொட்டிக்கு அடியிலிருந்த குழாயிலேயே பிடித்து, 'கடைசித் தெரு' என்று சீட்டு ஒட்டிவிடுவான். அங்கே கிருமியைக் கொல்லும் குளோரின் வாசனை மூக்கைத் துளைக்கும். கடைசித் தெரு போய்ச் சேர்வதற்குள் அது செத்துப்போவது அவனுக்குத் தெரியாததா? மூன்று வருஷமாக எல்லா அறிக்கையிலும் 'குடிக்க உகந்தது'.

இப்போது அந்தத் தெருவில் இருக்கும் அவன் அக்காவின் மகள் வாந்திபேதியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். விசாரிக்க வந்த சுகாதார அதிகாரி அறிக்கைகளைப் புரட்டிவிட்டு அக்காவிடம் சொன்னார்: "தண்ணியில ஒரு குறையும் இல்லம்மா. நீங்க பாத்திரத்தைக் கொஞ்சம் சுத்தமா வச்சுக்கங்க."

பக்கத்தில்தான் நின்றான் ஆபரேட்டர். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். பாவி மனுஷன், அதிகாரி சொன்னதற்குத் தலையை ஆட்டினான்.

"ஆமாங்க, என் தம்பி பிடிச்ச தண்ணி தப்பா இருக்குமா?" என்றாள் அக்கா, முகம் சிறுத்துப்போய்.

அன்றே வீட்டிலிருந்த பாத்திரத்தையெல்லாம் வாசல் குழாயடியில் கொட்டி, கை காந்தக் காந்தத் தேய்த்தாள். அவள் அலசுவதற்குத் தம்பிதான் குழாயைத் திறந்துவிட்டான்.