நாலாவது பிரஷ்

ஓடைப்பட்டியில் கவாத்து முடிந்து திராட்சைக் கொடிகள் துளிர்விட்டிருந்த சமயத்தில்தான் ஓவியாவுக்கு அந்தத் தொந்தரவு ஆரம்பித்தது. ஏழு வயதுப் பிள்ளை. பல் விளக்கிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தால், இட்லியைத் தொடுவதற்குள் கடைவாயில் எச்சில் வழியும். நெற்றி வியர்க்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். மதியத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். பள்ளிக்கூடத்துக்குப் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்று அவள் அம்மா பாண்டீஸ்வரி முதலில் அதட்டினாள். பிறகு குடல்பூச்சிக்கு மருந்து வாங்கிக் கொடுத்தாள். ஒரு சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குக் கூட்டிப்போய் எள் விளக்கும் போட்டு வந்தாள். ஒன்றும் மாறவில்லை.

காலாண்டு லீவுக்குப் பிள்ளையைக் கோம்பையில் இருக்கும் தன் அக்கா ராஜாத்தி வீட்டுக்கு அனுப்பினாள். அங்கே ஓவியா நாயோடு காடு மேடெல்லாம் ஓடினாள், மூன்று வேளையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஒரு நாள்கூட வயிறு வலிக்கவில்லை என்று ராஜாத்தி போனில் சொன்னாள். லீவு முடிந்து வீட்டுக்கு வந்த சில நாளிலேயே மறுபடி எச்சில் வழிந்தது.

அன்றைக்குத்தான் பாண்டீஸ்வரிக்கு உறைத்தது. பிள்ளைக்கு ஆகாத ஏதோ ஒன்று இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது. குடிதண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தாள். பால்காரரை மாற்றினாள். பருப்பு டப்பாக்களை எல்லாம் வெயிலில் கொட்டி அலசினாள்.

அவள் புருசன் மாரிசெல்வத்துக்கு வீட்டை ஒட்டியே திராட்சைப் பந்தல். மாவுப்பூச்சிக்கும் பூஞ்சைக்கும் மாற்றி மாற்றி மருந்தடித்தபடியே இருப்பான். மருந்து விஷயத்தில் கவனமானவன் என்று ஊரே சொல்லும். மருந்து டப்பாக்களைத் தோட்டத்துச் செட்டுக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டிவிடுவான். காலி டப்பாவைக்கூட வீட்டுக்குள் விடமாட்டான்.

ஒரு காலையில் ஓவியா பல் விளக்கிய இடத்திலேயே விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பக்கத்துத் தோட்டத்து சுந்தர்ராஜின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு சின்னமனூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். பிள்ளையின் கண்மணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருந்தது. தோட்டத்து மருந்து உள்ளே போயிருக்கிறது என்றார். தேனிக்கு அனுப்பினார்கள். அங்கே ஊசி மேல் ஊசி போட்டு ஒருவழியாகப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆனால் தேனி ஆஸ்பத்திரியில் ஒரு நர்சு பாண்டீஸ்வரியைத் தனியாகக் கூட்டிப்போய், வீட்டுக்குள் ஏதும் சண்டையா என்று மெதுவாகக் கேட்டாள். அவள் இல்லையென்று தலையாட்டினாள். வெளியே வந்தபோது, அதே நர்சு மாரிசெல்வத்திடமும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் பாண்டீஸ்வரியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வீடு திரும்பியதும் பாண்டீஸ்வரி முதலில் பார்த்தது ஆணியைத்தான். சாவி இல்லை. அவன் அதை அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்தான். எதற்கு மாற்றினான் என்று அவள் கேட்கவில்லை. யாரிடமிருந்து மறைக்கிறான் என்பது கேட்காமலே புரிந்தது. அதே நேரம் அவளுக்குள்ளும் ஒன்று முளைத்தது. செட்டுக்குள் போய் வருகிற ஆள் இந்த வீட்டில் அவன் ஒருவன்தான். அவன் கடையிலிருந்து வாங்கிவந்த பன்னைப் பிள்ளை வாயில் வைக்குமுன் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டே, இருவரும் ஒருவர் கையை ஒருவர் கவனித்தார்கள்.

பிள்ளையைத் தனியாக விடுவதில்லை என்று பாண்டீஸ்வரி முடிவுசெய்திருந்தாள். அதனால்தான் மறுநாள் காலை பல் விளக்கவும் கூடவே போனாள். பின்பக்கக் குழாயடியில் மாரிசெல்வம் குத்தவைத்திருந்தான். ஸ்பிரேயரில் மருந்து பீய்ச்சும் நாசில் அடைத்துக்கொண்டதால் அதைக் கழற்றி, ஒரு தேய்ந்த பிரஷ்ஷால் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்த்து முடித்து, பிரஷ்ஷைக் குழாயில் ஒருதரம் காட்டி உதறிவிட்டு, கைப்பழக்கத்தில் மேலே திண்டிலிருந்த பிளாஸ்டிக் டம்ளரில் போட்டான்.

அந்த டம்ளரில்தான் வீட்டு ஆட்களின் பிரஷ்கள் மூன்றும் நின்றன. பெரிய பிரஷ் இரண்டும் டம்ளருக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தன. ஓவியாவுடையது குட்டைப் பிரஷ். அது உள்ளே அமிழ்ந்துதான் கிடக்கும். நாலாவதாக விழுந்த பிரஷ் சாய்ந்து, அதன் ஈரத் தலை அந்தக் குட்டைப் பிரஷ்ஷின் மேல் போய்ப் படிந்தது. பால் போல ஒரு மருந்துச் சொட்டு மெல்ல இறங்கியது.

ஓவியா தன் பிரஷ்ஷை எடுக்கக் கையை நீட்டினாள். பாண்டீஸ்வரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, அது யாரு பிரசு?”

“என் பழசு. நாசில் தேய்க்க வச்சிருக்கேன்.” சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவன் குரல் இறங்கிவிட்டது. டம்ளரைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். “கழுவித்தான வச்சேன். எப்பவும் கழுவித்தான வைப்பேன்.”

அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான். தலையைத் தூக்காமல் கேட்டான்: “நீ என்னயத்தான நினைச்ச?”

“நீங்களும் என்னயத்தான நினைச்சீக,” என்றாள் அவள்.

டம்ளரையும் பிரஷ்களையும் ஊருக்கு வெளியே ஆழமாகக் குழிதோண்டிப் புதைத்தார்கள். அடுத்த தரம் தேனிக்குப் போனபோது டாக்டரிடம் நடந்ததைச் சொன்னார்கள். டாக்டர் கோபப்படவில்லை. பிரஷ்களைக் குழாயடியில் வைக்காதீர்கள், வீட்டுக்குள் வையுங்கள், ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாக, தலை மேலே இருக்கும்படி நிறுத்துங்கள், மூடிபோட்டு அடைக்காதீர்கள், காற்றில் நன்றாகக் காயவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

பாண்டீஸ்வரி புதுப் பிரஷ்கள் வாங்கி, சமையலறை ஜன்னல் விளிம்பில் ஆளுக்கொரு கிண்ணத்தில் நிறுத்தினாள். ஓவியாவுக்கு எச்சில் வழிவது நின்றது. மாரிசெல்வம் தின்பண்டம் எது வாங்கி வந்தாலும் முதலில் தான் ஒரு வாய் கடித்துவிட்டுத்தான் பிள்ளைக்குக் கொடுத்தான். யாரும் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பாண்டீஸ்வரியும் வேண்டாமென்று சொல்லவில்லை.

ஒருநாள் காலை ஓவியா பல் விளக்கிக் கொடுத்த பிரஷ்ஷைப் பாண்டீஸ்வரி உதறி ஜன்னலில் வைக்கப்போனபோது, சுந்தர்ராஜ் தோட்டத்தில் பவர் ஸ்பிரேயர் உறுமத் தொடங்கியது. பந்தலுக்கு மேலே வெள்ளையாக மருந்துப் புகை எழும்பி, காற்று திரும்ப, அதுவும் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியது. அவள் ஜன்னலைச் சாத்தித் தாழ்போட்டாள். காற்றில் காயவேண்டிய பிரஷ் அவள் கையில் சொட்டிக்கொண்டிருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, நடுவீட்டில் நின்றாள்.