முப்பத்து மூன்று வருட இருமல்

இசை ரசிகர் மன்றத்தில் மொத்தம் பதினோரு பேர். ஞாயிற்றுக்கிழமை தலைவர் தேர்தல். போட்டியிட்டவர்கள் இருவர். ஒருவர் கிளினிக்கில் காது கேட்கிறதா என்று சோதிப்பவர். மன்றத்தில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். மற்றவர் லிஃப்ட் மெக்கானிக், காதுக்காரருடைய மனைவியின் அண்ணன்.

ஓட்டெடுப்புக்கு முன் காதுக்காரர் பேசுவதாக ஏற்பாடு. பேச்சின் பொருள்: ஒரே சிம்பொனி, ஒரே இசைக்குழு நடத்துநர், இரண்டு இசைத்தட்டுகள். முதல் அட்டையில் நடத்துநருக்குக் கருகருவென்று முடி, வயது முப்பத்தெட்டு. இரண்டாவதில் தலை வெளுத்து, கண்மூடி நிற்கிறார்; எழுபத்தொன்று. இளமையின் வேகம், முதுமையின் பக்குவம் என்று காதுக்காரர் பதினாலு பக்கம் எழுதி வைத்திருந்தார். இரண்டுமே நாற்பத்தொரு நிமிடம் ஓடின. அதற்கும் பதில் இருந்தது: கடிகாரம் ஒன்று, காலம் வேறு.

மச்சான் ஒன்பது வருடமாகப் பாடுவது ஒரே பாட்டுத்தான். "ரெண்டும் ஒண்ணுதான் மாப்ள."

சனிக்கிழமை காலை காதுக்காரர் இரண்டாவது தட்டை ஓடவிட்டார். மனைவி துவைத்த துணிகளோடு குறுக்கே போனாள். அவள் நெஞ்சுநோய் வார்டில் நர்ஸ். நின்றாள்.

"இந்த ஆளு அந்தத் தட்டுலயும் இருமினாரே."

"எந்த ஆளு?"

"இப்ப இருமினாரே, அவருதான். ரெண்டு தடவை இருமிட்டு மூணாவதை அடக்கிக்கிட்டாரு."

காதுக்காரர் இருமலைக் கவனித்ததே இல்லை. இருமலைத் தாண்டிக் கேட்பதுதான் ரசனை என்பது அவர் கொள்கை. முதல் தட்டைப் போட்டார். இரண்டாம் பகுதி. புல்லாங்குழல் ஓய்ந்தது. இரண்டு இருமல். மூன்றாவது பாதியில் நின்றது.

"ரசிகரா இருக்கும்," என்றார். "அப்பவும் வந்திருக்காரு, இப்பவும் வந்திருக்காரு."

"முப்பத்து மூணு வருஷமா அதே இருமலா? அப்படின்னா அவரு கச்சேரிக்கு வந்திருக்க மாட்டாருங்க. எங்க வார்டுக்குத்தான் வந்திருப்பாரு."

அவள் துணி காயப்போடப் போய்விட்டாள். காதுக்காரர் பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தார். இரண்டாவது அட்டையின் பின்புறம், அடி ஓரத்தில், எறும்பு எறும்பாக எழுத்து. ஒலிப்பதிவு செய்த தேதி. அரங்கின் பெயர். இரண்டும் முதல் அட்டையில் இருந்தவையே. பழைய பதிவுக்குப் புது அட்டை போட்டிருந்தார்கள். படத்தில்தான் நரைத்திருந்தது.

மனைவியிடம் சொன்னார்.

"அண்ணன் சொன்னது சரியாப் போச்சா?" அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்ன பண்ணப் போறீங்க?"

"வேற தலைப்புல பேசிடுறேன்."

ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பேச முடியவில்லை. மன்றம் டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அவர் படியேறி வந்ததுமே, தட்டுகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்த செயலாளர் பையை வாங்கி முதல் தட்டைப் போட்டுவிட்டார். பிறகு இரண்டாவது. காதுக்காரர் வாயைத் திறக்குமுன் மற்றவர்கள் திறந்தார்கள்.

"முதல்ல கோபம் சார். ரெண்டாவதுல மன்னிப்பு," என்றார் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர்.

"ரெண்டாவதுல அந்த ஆளு பேரன் பேத்தி எடுத்துட்டாரு. கேட்டாலே தெரியுது," என்றார் பேக்கரி அம்மா.

மச்சான் எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டை. "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாங்க கேட்டுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். "லிஃப்ட் ஓட்டையில தலைய விட்டு விட்டுக் காது போயிடுச்சு உமக்கு," என்றார் போஸ்ட்மாஸ்டர். மச்சானும் சிரித்தார். பிறகு உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

காதுக்காரர் பதினாலு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்தார்.

"மச்சான் சொன்னதுதான் சரி," என்றார். "ரெண்டும் ஒரே பதிவு. ஒன்பது வருஷமா நான்தான் ஏமாந்திருக்கேன்."

அட்டையை நீட்டினார். கைமாறிக் கைமாறிப் போயிற்று. எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், ஒருவரும் திருப்பவில்லை.

"என்ன பெருந்தன்மை!" என்றார் பேக்கரி அம்மா.

"பின்னால பாருங்கம்மா, எழுதியிருக்கு."

"எழுத்தா சார் முக்கியம்?" என்றார் போஸ்ட்மாஸ்டர். "நாங்கதான் காதால கேட்டோமே."

ஓட்டு எண்ணினார்கள். காதுக்காரருக்குப் பத்து. மச்சானுக்கு ஒன்று. கைதட்டல்.

படியிறங்கும்போது மச்சான் கேட்டார். "எனக்கு ஒண்ணு விழுந்திருக்கே. எந்தப் புண்ணியவான்?"

"நான்தான். நீங்க உங்களுக்குப் போட்டுக்கலையா?"

"உனக்குத்தான் போட்டேன். எல்லாருக்கும் கேக்குது, எனக்கு மட்டும் கேக்கல. நான் எப்படித் தலைவராவுறது?" மச்சான் குரலைத் தாழ்த்தினார். "ஆனாலும் எனக்காக அத்தனை பேர் முன்னால நீ பொய் சொல்லியிருக்க வேணாம் மாப்ள."

காதுக்காரர் அவர் கையைப் பிடித்து டயர் கடை வெளிச்சத்துக்கு இழுத்தார். அட்டையைத் திருப்பிக் காட்டினார்.

"கண்ணாடி எடுத்துட்டு வரலையே. நீயே படி."

படித்தார். தேதி, வருடம், அரங்கின் பெயர். மற்ற அட்டையையும் எடுத்துப் படித்தார். அதே தேதி, அதே வருடம், அதே அரங்கம்.

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போதும் மாப்ள. நீ இவ்வளவு நல்லவன்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியாமப் போச்சு."