தேடாமல் சொன்ன பதில்

1

இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். கடிதமோ கதையோ, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரியாமல் எனக்கு இரண்டாவது வரி ஓடாது. மருத்துவமனையின் விசாரணைக் கண்ணாடிக்குப் பின்னால் என் அண்ணி. அவர் முன்னால் கணினி. வாசலில் முக்காலி போட்டுக் காவலாளி. எதிர்ச் சுவரோரம் நாற்காலிகள். முதலாவதில் காலில் கட்டுப்போட்ட ஒரு பெரியவர். இரண்டாவது காலி. மூன்றாவதில் மடிப்புக் கலையாத சட்டை அணிந்த ஒருவர். நாலாவது மாடியில், வேறு பெயரில் பதியப்பட்ட ஒரு பெண்.

(அவளை உட்காரவைத்து எழுதினேன். படுக்கவைத்து எழுதினேன். இரண்டையும் அடித்துவிட்டேன். அவள் எப்படி இருந்தாள் என்பது உங்களுக்கு வேண்டாம்.)

கதை அண்ணி சொன்னது. அவர் சொல்லியிருக்கக் கூடாது. நான் கேட்டிருக்கவும் கூடாது. ஒருமுறை எழுதி, அது ஒரு வார இதழில் வந்தும்விட்டது. இது இரண்டாம் முறை. ஏன் என்று நாலாம் பகுதியில் சொல்கிறேன்.

2

வீட்டில் அடிபட்டு வருகிற பெண்களை அங்கே பெயர் மாற்றிப் பதிவார்கள். சொந்தப் பெயர் துண்டுச்சீட்டில் அண்ணியிடம் வரும். மனப்பாடம் செய்துகொண்டு கிழித்துப் போட்டுவிடுவார். யார் வந்து அந்தப் பெயரைக் கேட்டாலும் ஒரே பதில்.

சட்டைக்காரர் எழுந்து வந்தார். [முறுக்கு மீசை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.]

"அம்மா, என் சம்சாரத்தை இங்க சேர்த்திருக்காங்களாம். எந்த ரூம்னு பார்த்துச் சொல்றீங்களா?" பெயரைச் சொன்னார்.

"அப்படி யாரும் இங்க இல்லைங்க."

"சரிங்கம்மா." இரண்டடி போனவர் திரும்பினார். "எங்க மாமா ஒருத்தரும் இங்கதான் இருக்கார்னாங்க." இன்னொரு பெயர்.

அண்ணி தட்டினார். திரையை மேலிருந்து கீழே பார்த்தார். எழுத்தை மாற்றி மறுபடி தட்டினார். "இல்லைங்களே."

அவர் சிரித்தார்.

"எனக்கு மாமாவே கிடையாதும்மா. இல்லாத மனுசனை ரெண்டு தரம் தேடினீங்க. என் சம்சாரத்தை ஒரு தரம்கூடத் தேடலையே."

நன்றி சொல்லிவிட்டு மூன்றாவது நாற்காலிக்கே போய் உட்கார்ந்துகொண்டார்.

3

அண்ணி அலறிக்கொண்டு எழுந்து—

இல்லை. அண்ணி அலறவில்லை. மதியம் முழுக்க அந்த ஆள் அசையவில்லை. லிஃப்டுக்கு மேலே மாறுகிற எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் எண்ணுக்கும் உதடு அசைந்தது.

அண்ணி மேலே தகவல் அனுப்பினார். நர்ஸ் அந்தப் பெண்ணைப் பின்படி வழியாக இறக்கி, அழுக்குத்துணி கொண்டுபோகிற வேனில் ஏற்றினாள். வேன் போய்ச் சேர்ந்த ஊர் அண்ணிக்குத் தெரியும். வாய் தவறி என்னிடமும் சொல்லிவிட்டார்.

4

முதல் கதையில் எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதினேன். ஒன்றை மட்டும் மறைத்தேன்: 'அவளை ________ என்ற ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.' கோடு போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

பதினொரு கடிதங்கள் வந்தன. எல்லாரும் முடிவைக் கேட்டிருந்தார்கள். ஏழாவதில் முத்து முத்தான கையெழுத்து. பெயர் இல்லை, அஞ்சல்பெட்டி எண் மட்டும்.

"மதிப்பிற்குரிய ஐயா, கதை அருமை. மூன்றாவது நாற்காலியின் பின்கால் ஆடும்; அதை விட்டுவிட்டீர்கள். ஒன்றுவிடாமல் எழுதிய தாங்கள் ஓர் ஊரை மட்டும் கோடிட்டிருக்கிறீர்கள். தெரியாதவர் கோடு போட மாட்டார். முடிவை எனக்குத் தனியாக எழுதினால் போதும்."

அண்ணியிடம் எடுத்துப் போனேன்.

"அந்த நாற்காலி ஆடுமா அண்ணி?"

"ஆடும்." மடித்துக்கொண்டிருந்த துணி அவர் மடியில் விழுந்தது. "நான் வாயால கெடுத்தேன், நீங்க பேனாவால கெடுத்துட்டீங்க. நல்ல குடும்பம்!"

"பதில் போடாம விட்டுடட்டுமா?"

"கரண்ட் ஆபீஸ் நோட்டீசுக்கே நன்றிக் கடுதாசி போடுற ஆளு நீங்க. அவனுக்கு மட்டும் போடலைன்னா அது எப்படி இருக்கும்?" விழுந்த துணியை எடுத்து மறுபடி மடித்தார். "நான் இப்பல்லாம் யார் கேட்டாலும் தேடுறேன் தம்பி. மனசுக்குள்ள இருபது எண்ணிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்."

5

முடிவு அ: அவள் நலமாக இருக்கிறாள். (அடித்தேன். நலமாக இருக்க ஓர் இடம் வேண்டும். இடம் என்றதும் அவர் நிமிர்ந்து உட்காருவார்.)

முடிவு ஆ: அவரைப் பிடித்துவிட்டார்கள். (பிடிக்கவில்லை.)

முடிவு இ: அவள் இறந்துவிட்டாள். இதை வெகுநேரம் வைத்திருந்தேன். செத்தவளை யாரும் தேடப் போவதில்லை அல்லவா? அண்ணி படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "வேண்டாம் தம்பி. அவளும் படிப்பா."

ஆகவே இந்தமுறை யாருக்குமே பெயர் இல்லை. மருத்துவமனைக்கு இல்லை, அண்ணிக்கு இல்லை, எனக்கும் இல்லை. முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று கையைத் துடைத்துக்கொள்ளவும் வழியில்லை. இதைப் படிக்கிறவர்களில் அவரும் ஒருவர். இங்கிருந்து பார்த்தால் எனக்கு எல்லார் முகமும் ஒன்றுதான். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எழுத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அந்த ஊரைக் குறித்திருந்த தாளை முதலில் அடுப்பில் போட்டேன். மிச்சக் குறிப்புகளை ஒரு பக்கம் விடாமல் புரட்டினேன். பிறகு பதினொரு பேருக்கும் ஒரே நாளில், ஒரே மையில், ஒரே வாசகம்:

'அன்புடையீர், தாங்கள் கேட்ட முடிவை என் குறிப்புகளில் முதல் பக்கத்திலிருந்து தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.'

ஏழாவதை அவசரமாகவும் எழுதவில்லை, நிறுத்தியும் எழுதவில்லை. பதினொன்றையும் ஒட்டினேன். முகவரியைக் கவிழ்த்துப்போட்டு, எது யாருடையது என்று எனக்கே தெரியாதபடி கலைத்தேன். தெருமுனைத் தபால்பெட்டிக்குள் ஒவ்வொன்றாக விட்டேன்.