காட்டு விலை

வன்னியில் மல்லாவிக்கு வெளியே, மூன்று ஏக்கர் மேட்டுக்காணியில் நாற்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகக் கணபதி கச்சான் கடலையும் மிளகாயும் பயிர்செய்து வந்தார். காணி அவருடையதல்ல. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டை விட்டு ஓடி வந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. யாழ்ப்பாணத்து மயில்வாகனம் தன் காட்டைக் காட்டி, "வெட்டிச் செய். விளைச்சலில நாலில ஒரு பங்கு எனக்குத் தா" என்றார். போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகும் கணபதி அங்கேதான் கொட்டில் போட்டார். மயில்வாகனம் இறந்து பன்னிரண்டு வருடமாகிறது. அதன்பின் ஒருவரும் பங்கு கேட்டு வரவில்லை.

இந்த மாசியில் மயில்வாகனத்தின் மகன் ஜனார்த்தனன் கனடாவிலிருந்து வந்தார். காணியை விற்கப் போவதாகச் சொன்னார்.

"நீங்கள் வாங்கிறதெண்டால் முதல் உங்களுக்குத்தான், கணபதி அண்ணை. ஒரு முதலாளியும் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வாறன், முடிவைச் சொல்லுங்கோ."

தகப்பன் 'டேய் கணபதி' என்றுதான் கூப்பிடுவார். மகனின் 'அண்ணை' கணபதியை இன்னும் கலக்கியது.

அந்த நான்கு நாளும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் இறைக்கப் போனவர் மெஷினைத் தொடாமலே திரும்பினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு மல்லாவிச் சந்திவரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் பேக்கரியில் ஒரு றாத்தல் பாண் வாங்கி வந்தார். வீட்டில் காலையில் வாங்கிய பாண் அப்படியே இருந்தது.

ஓட்டோ ஓட்டும் மகன் வினோதன் வெள்ளிக்கிழமை ஒரு செய்தியோடு வந்தான்.

"அப்பா, ஒரு லோயரிட்டக் கேட்டனான். இவ்வளவு காலம் பங்கு குடுக்காமல் இருந்தனீங்கள் எண்டால் காணி எங்களுக்கெண்டு வழக்குப் போடலாமாம். ஒரு சதமும் குடுக்கத் தேவையில்லை."

"மயில்வாகனம் பெரியய்யா இருக்கிற மட்டும் குடுத்தேனே."

"அது ஆருக்குத் தெரியும்? அவையிட்ட எழுதின துண்டு ஒண்டும் இல்லை. குடுக்கேல்லை எண்டு சொல்லுங்கோ, அதுவே காணும்."

 கணபதிக்கும் ஆசை இல்லாமலில்லை. காணி உறுதிப் பத்திரம் இல்லை என்று வீட்டுத்திட்டத்தில் அவர் பெயரை இரண்டு முறை வெட்டியிருந்தார்கள். ஆனால் பன்னிரண்டு வருடமாகக் கேளாத பங்கைத் தானே வைத்துக்கொண்டதும் நெஞ்சுக்குள் முள்ளாக இருந்தது. எழுந்தார், இருந்தார், மறுபடி எழுந்தார்.

"என்னங்க, கன்னுக்குட்டி மாதிரி சுத்தாம ஒரு எடத்துல ஒக்காருங்க" என்றார் மனைவி சுப்பம்மா. இத்தனை வருடம் வன்னியில் இருந்தும் வீட்டுக்குள் அவர் மலைநாட்டுப் பேச்சை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜனார்த்தனன் வந்து முற்றத்துக் கதிரையில் இருந்து விலையைச் சொன்னார். மகள் நிரோஜா ஆடைத் தொழிற்சாலையில் உழைத்துச் சேர்த்ததையும் இரண்டு மாடுகளையும் சேர்த்தாலும் பாதிக்குக்கூட எட்டாத விலை.

சுப்பம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

"அய்யா, நாங்க வந்தப்ப இது வெறுங் காடு. பால மரமும் முள்ளும். வெட்டுனது இவரு. கெணறு வெட்டுனது நானும் இவரும். எங்க ஒழைப்ப எங்களுக்கே விக்கிறீங்களே. காட்டு வெலைக்குத் தாங்க, வாங்கிக்கிறோம்."

ஜனார்த்தனனின் முகம் சிவந்தது. "அப்பா காசு குடுத்து வாங்கின காணி, அம்மா. சும்மா கிடைக்கேல்லை."

"அப்ப கோட்டில பாப்பம்!" வினோதன் பாய்ந்தான். "பங்கெண்டு ஒரு நாளும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. இது எங்கட காணி."

"டேய், சும்மா இரு!" கணபதி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.  "ஐயா, அவன் சொல்லுறது பொய். உங்கட அப்பா இருக்கும்வரை வருஷா வருஷம் குடுத்தனான். சண்டையில பாதை பூட்டின வருஷங்களில மட்டும் இல்லை. அவர் போன பிறகும் குடுக்கேல்லை. ஆனா சுப்பம்மா சொல்லுறது பொய் இல்லை. இது அப்ப வெறுங் காடுதான்."

வினோதன் தகப்பனை நம்பமுடியாமல் பார்த்தான். கையிலிருந்த வழக்கை அவரே தூக்கிக் கொடுத்துவிட்டார். ஓட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். ஜனார்த்தனனும் எழுந்து கிணற்றடிவரை நடந்து போய், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வாகனத்தில் ஏறினார்.

மூன்றாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"கிணத்தோட இரண்டு ஏக்கர் உங்களுக்கு. நீங்கள் கேட்ட விலைதான். ரோட்டுக்கரை ஏக்கர் முதலாளிக்கு. அதுக்கு மேல என்னால ஏலாது, அண்ணை."

ரோட்டுக்கரை ஏக்கர்தான் கணபதி முதன்முதலில் வெட்டிய துண்டு. ஓம் என்று சொல்லிவிட்டுப் போனைப் பிடித்தபடியே நின்றார்.

உறுதி சுப்பம்மாவின் பெயரிலும் கணபதியின் பெயரிலும் எழுதப்பட்டது. நிரோஜா கொழும்பிலிருந்து லீவில் வந்திருந்தாள். வினோதன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். ஆனால் தகப்பனோடு கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சுப்பம்மா உறுதியைச் சாமிப் படத்தடியில் வைத்துக் கும்பிட்டு அழுதார். கணபதிக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

அடுத்த கிழமை முதலாளியின் ஆட்கள் கொங்கிறீட் தூண் நட்டு முள்ளுக்கம்பி இழுத்தார்கள். கணபதி மண்வெட்டியோடு கம்பிவரை போனார். அப்பால் தன் கால் பழகிய வரம்பு தெரிந்தது. திரும்பி, இரண்டு ஏக்கரையும் ஓரமாகச் சுற்றி நடந்தார். எல்லைக்கல் ஒவ்வொன்றையும் காலால் தட்டிப் பார்த்தார்.

"சோறு ஆறுது, வாங்க!" என்று சுப்பம்மா குசினியிலிருந்து கூப்பிட்டார்.

"வாறேன்" என்றுவிட்டு இன்னொரு சுற்று நடக்கத் தொடங்கினார்.