வாங்கெலிஸின் முகம்

1991 டிசம்பரில் மலை தாண்டி பெத்ரோலாக்காவுக்கு வந்த பெஸ்னிக் என்ற அல்பேனியனுக்கு அடுத்த ஆலிவ் அறுவடைக்குள் வேறொருவனின் முகம் வந்துவிட்டது. அந்தக் கிரேக்க மலையூரில் நாற்பது வீடுகளில் பதினொன்றில்தான் அடுப்பெரிந்தது. மற்றவர்கள் ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்தார்கள். ஆட்டுக்கொட்டகையில் இடம் கொடுத்த கிழவர் சோத்திரிஸ், "பெஸ்னிக்கா? வாயில நுழையல. இங்க இருக்கணும்னா நீ வாங்கெலிஸ்" என்றார். அது ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட்டுக்குப் போய் இருபது வருடமாகத் திரும்பாத அவர் மகனின் பெயர். அந்தப் பெயரால் கூப்பிடும்போதெல்லாம் குரல் கொடுக்கக் கொடுக்க அவனுக்கு முதலில் புருவம் அடர்ந்தது, பிறகு முன்பல் உடைந்தது, கடைசியாக மோவாயில், அந்த மகனைச் சிறுவயதில் கோவேறு கழுதை உதைத்த தழும்பு வந்தது. காப்பிக்கடையில் சீட்டாட அவனுக்கும் நாற்காலி போட்டார்கள்.

மறு ஆகஸ்டில் நிஜ வாங்கெலிஸ் காரில் வந்து இறங்கினான். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. கிழவர் இருவரையும் நிதானமாகப் பார்த்தார். "யாருப்பா நீ? எம் மகன் இந்தா ஆட்டுக்குத் தண்ணி காட்டிட்டிருக்கான்." வாசலில் நின்று அழுதவனின் பெட்டியை பெஸ்னிக்தான் காருக்குத் தூக்கிப் போனான்.

அந்தக் குளிர்காலத்தில் பெஸ்னிக்கின் தம்பி அக்ரோன் மலையிறங்கி வந்து, அண்ணனின் புகைப்படத்தை அண்ணனிடமே நீட்டினான். "ஐயா, இவனப் பாத்தீங்களா?" என்று உடைந்த கிரேக்கத்தில் கேட்டுவிட்டு, "அம்மா சாகக் கெடக்குதே" என்று தன் மொழியில் முனகினான். பெஸ்னிக் அந்த மொழியிலேயே பதில் சொல்ல நாக்கைப் புரட்டினான். உடனே தழும்பு அரித்தது, புருவமயிர் நாலைந்து உதிர்ந்து கன்னத்தில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டான்.

"உங்க ஆளுங்க யாரும் இங்க வரல" என்று கிரேக்கத்தில் சொல்லி, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்து, வைக்கோல் கொட்டகையில் படுக்கச் சொன்னான். காலையில் அனுமதிச் சீட்டு இல்லாதவர்களைப் பிடிக்க வந்த போலீஸ்காரர்கள் விசாரித்தபோது கொட்டகையைக் கைகாட்டியதும் அவன்தான். லாரியில் ஏற்றப்பட்ட அக்ரோன், ரொட்டி கொடுத்தவரைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துத் தலைவணங்கினான்.

கிழவர் போனபின் நிலம் அவன் பேருக்கு வந்தது. சில வருடங்களில் ஊர்த்தலைவரும் ஆனான். மலை தாண்டி வருபவர்கள் விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பான தலைவர் பெத்ரோலாக்காவுக்கு வாய்த்ததில்லை.