தெற்கு வானம் கேட்ட றேடியோ

மனுஷருக்கு நோய் வருத்தம் வந்தால் சிலர் கடவுளைத் தேடுவார்கள், சிலர் காணி உறுதிப் பத்திரத்தைத் தேடுவார்கள். எடிசன் அரியரட்ணம் தேடியது சற்றலைற் றேடியோ. அதுவும் எந்தக் காருக்கு? யாரோ ஓட்டித் தேய்த்துவிட்டு விற்ற பழைய கொரோலாவுக்கு. ஒரு எஃப்எம் றேடியோவையும் கசெற் போடுகிற வாயையும் தவிர வேறு சங்கீத பாக்கியம் எதுவும் இல்லாத கார் அது.

"பிபிசி மணிக்கொருக்கா செய்தி சொல்லுறான். வேலைக்குப் போய் வாற வழியில கேக்கலாம்தானே," என்று மனைவி ஜெயமலரிடம் கேட்டார். பிள்ளை இனிப்புக் கேட்கிற குரல்.

அது 2009 பங்குனி. கடைசிச் சண்டைக்குள் வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்த நேரம். அரியரட்ணத்துக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து, அப்போதுதான் மறுபடி வேலைக்குப் போக விட்டிருந்தார்கள். வீட்டில் செய்தி என்ற பேச்சே கூடாதென்று ஜெயமலர் கட்டளை போட்டிருந்தாள். ரீவியில் சமையலும் மிருகங்களும்தான். போன் அடித்தால் ஓடிப்போய் முதலில் எடுப்பவள் அவள். கேட்டால், "டென்ஷன் கூடாது, டொக்டர் சொன்னவர்" என்பாள்.

டொக்டர் சொன்னது பாதி. மீதியை ஜெயமலர் வயிற்றுக்குள் வைத்திருந்தாள். அரியரட்ணத்தின் ஒரே தங்கை பவளம் மாசி மாதமே செத்துப் போய்விட்டாள். கிளிநொச்சியில் கணக்குப் படிப்பித்த ரீச்சர், கலியாணம் கட்டாதவள். ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் ஒரு பதுங்குகுழி வாசலில் ஷெல் விழுந்து அவள் கதை முடிந்தது. கொள்ளி வைக்க வேண்டிய அண்ணன் அந்த நேரம் நியூ ஜெர்சியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

ரொறொன்ரோவிலிருந்து செய்தி சொன்ன உறவுப் பெடியன் கஜீவன், "மாமாவுக்கு இப்ப சொல்லிப்போடாதேங்கோ மாமி" என்றான். பொஸ்ரனில் படிக்கிற மகள் விதுஷா, "டோன்ட் டெல் ஹிம், அம்மா. ப்ளீஸ்," என்று அழுதாள். எல்லோரும் சொல்லாதே சொல்லாதே என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்கள். சொல்லாமல் இருக்கிற வேலை ஜெயமலர் ஒருத்தியின் தலையில் விழுந்தது. சொன்னால் அந்த நெஞ்சு நின்றுவிடும் என்று அவள் உண்மையாகவே பயந்தாள்.

றேடியோ வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் ஒரேயடியாக வேண்டாமென்றால், ஏன் என்று கேட்பார். பிறகு யோசித்துப் பார்த்தாள். செத்தவர்களின் பெயரை எந்த உலகச் செய்தியில் வாசித்தார்கள்? தொகைதான் சொல்லுவார்கள், அதுவும் ஆளுக்கொரு தொகை. சரி, காரில் பூட்டட்டும் என்று விட்டாள்.

விட்டாள் என்பதென்ன, பூட்டியதே அவள்தான். அரியரட்ணம் கையைத் தூக்கி வேலை செய்யக்கூடாது. அவர் பக்கத்தில் கதிரை போட்டிருந்து பெரிய இஞ்சினியர் மாதிரி உத்தரவு போட்டார். காந்தம் வைத்த அன்ரெனா, ஒரு பிஸ்கற் அளவுதான், காரின் கூரையில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. அதன் வயரைப் பின்கண்ணாடி றப்பருக்குள் கரண்டிக் காம்பால் தள்ளித் தள்ளிச் செருகி, பின்சீற்றைக் கிளப்பி, விரிப்புக்குக் கீழால் முன்னுக்குக் கொண்டுவந்தாள். கைக்கடக்கமான பெட்டி டாஷ்போர்டில் உட்கார்ந்தது. சிகரெட் லைற்றர் துளையிலிருந்து அதற்குக் கரன்ற். காரின் சொந்த றேடியோவில் எஃப்எம்மில் சத்தமில்லாத ஒரு மூலையைப் பிடித்துக் கொடுத்தால், இந்தப் பெட்டி அதன் வழியாகப் பேசும். கம்பனிக்குப் போன் பண்ணிப் பெட்டியின் நம்பரைச் சொன்னபோது அந்தப் பெண், சற்றலைற் நிற்கிற தெற்குப் பக்க வானம் மறைக்காத இடத்தில் காரை நிறுத்துங்கள் என்றாள்.

"தெற்கோ?" என்றாள் ஜெயமலர். செத்தவர்கள் போகிற திசை.

வீட்டு முன்பக்கம் தெற்கை ஒரு பெரிய பைன் மரம் அடைத்துக்கொண்டு நின்றது. அதனால் டிரைவ்வேயின் கடைசிவரை, பின்வளவுப் புல்தரை ஓரம்வரை, காரைப் பின்னால் எடுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் லண்டன் குரல் ஒன்று கணீரென்று வந்தது. அரியரட்ணம் கைதட்டினார். ஜெயமலர் கையிலிருந்த கரண்டியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வேலையால் வந்ததும் காரைப் பின்வளவு ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உள்ளேயே இருப்பார். கடைசிச் செய்தியையும் கேட்டுவிட்டு வாறன் என்பார். பிறகு முகம் கழுவிக்கொண்டு குசினிக்கு வந்து தேத்தண்ணிக் கோப்பையோடு தொடங்குவார்.

"புதுமாத்தளன் கடற்கரைக்கு இண்டைக்கும் செஞ்சிலுவைக் கப்பல் வந்ததாம், ஜெயம். காயப்பட்ட ஆக்களையும் துணைக்கு ஒராளையும் ஏத்துறாங்களாம். பவளம் கெட்டிக்காரி. ஆருக்காவது துணை எண்டு சொல்லி ஏறியிருப்பாள்."

"ஓமோம், ஏறியிருப்பா," என்பாள் ஜெயமலர், வெங்காயத்தை இன்னும் பொடியாக அரிந்துகொண்டு.

றேடியோ உண்மையைப் போட்டு உடைத்துவிடும் என்று பயந்தவள் அவள். அதுவோ நாளுக்கொரு நம்பிக்கையை வளர்த்து அனுப்பியது. இது இன்னும் கொடுமை. ஒருநாள் அவர் மேல் அறையிலிருந்த பழைய பெட்டிகளை ஒதுக்கினார். பவளம் வந்தால் படுக்க இடம் வேண்டுமே என்றார். ஜெயமலர் பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்கு இன்னொரு கரைச்சலும் இருந்தது. துடக்கு. சாவு விழுந்த வீட்டுக்குத் தீட்டு; முப்பத்தொண்டாம் நாள் கழியும்வரை சுவாமிக்கு விளக்கில்லை, கோயில் இல்லை, மச்சம் மாமிசம் இல்லை. அண்ணனுக்குத் தெரியாது; தெரிந்த தானாவது காக்காவிட்டால் பவளத்துக்கு இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்? மச்சத்துக்கு டொக்டர்மேல் பழியைப் போட்டாள். விளக்குக்கு, புகை அலாரம் கத்துகிறது என்றாள். கணவர் ஆஸ்பத்திரியால் நல்லபடி வந்தால் பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் அர்ச்சனை செய்வதாக நேர்த்தி வைத்திருந்தாள். அவர் வீட்டுக்கு வந்த கிழமையே, றேடியோ வருவதற்கு முதலே, அதையும் கால் நோகுது, பிறகு போவம் என்று தள்ளிப்போட்டாள்.

முப்பத்தொண்டு ஒரு சனிக்கிழமை வந்தது. அரியரட்ணம் செய்தி கேட்கப் போகிறேன் என்று காருக்குள் ஏறியதும், நிலவறையில் யாருக்கும் தெரியாமல் இலை போட்டு, பவளத்துக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியும் உழுந்து வடையும் வைத்துப் படைத்தாள். பிறகு ஒரு பிடி சோற்றைக் கொண்டுபோய்ப் பின்வளவில் காகத்துக்கு வைத்தாள். கார் தன் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. மனுஷன் செய்தியில் மூழ்கிப் போயிருக்கும் என்று நம்பினாள். அடுத்த வெள்ளி விளக்கும் ஏற்றி, நேர்த்தியையும் முடித்தாள். எப்போது சொல்வது என்பது மட்டும் முடியாமல் கிடந்தது.

சித்திரை கடைசியில் ஒரு நாள், அவளுடைய வான் வண்டியின் பற்றறி செத்துவிட்டது. கடைக்குப் போக அரியரட்ணத்தின் கொரோலாவை எடுத்தாள். லீவு நாள், அவர் மேலே படுத்திருந்தார். காரில் ஏறும்போதே கூரை மொட்டையாக இருப்பதைக் கண்டாள். யாரோ அன்ரெனாவைக் களவெடுத்துவிட்டான் என்று நினைத்து, மூக்குத் துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த முன்தட்டைத் திறந்தாள். அன்ரெனா அங்கேதான் இருந்தது. வயரை வடிவாகச் சுருட்டி, றப்பர் பாண்ட் போட்டு வைத்திருந்தது. அதற்கு மேல் தூசி. பக்கத்தில், அவள் கொஞ்ச நாளாக வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்த அவருடைய முகம் துடைக்கிற லேஞ்சிகள் கசங்கிக் கிடந்தன.

முந்தின நாள்கூடக் கப்பல் வந்ததாகச் சொன்னாரே.

அவள் கடைக்குப் போகவில்லை. கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். அரியரட்ணம் வீட்டில் கட்டுகிற சாரத்தோடு வெளியே நின்றார். திறந்து கிடந்த முன்தட்டைப் பார்த்தார். சுற்றி வந்து மற்றப் பக்கத்துச் சீற்றில் ஏறினார்.

"எப்ப தொடக்கம் தெரியும்?" என்று கேட்டாள் ஜெயமலர்.

"எனக்காக வைச்ச நேர்த்தியை நீர் தள்ளிப்போட்ட அண்டைக்கு. கால் நொந்தா இழுத்து இழுத்தெண்டாலும் கோயிலுக்குப் போற ஆள் நீர். பிறகு, அலாரம் கத்துதெண்டு விளக்கை நிப்பாட்டினீர். சாம்பிராணி போடேக்க அலாரத்தின்ர பற்றறியைக் கழட்டி வைக்கிறவ ஆர்? அப்பவே விளங்கிட்டுது. துடக்கு எண்டா எங்களுக்கு வேற ஆர் இருக்கினம் அங்க?"

"அப்ப ஏன் இந்த றேடியோ?"

"நான் பிழையா விளங்கியிருப்பனோ எண்டு ஒரு நப்பாசை. கொஞ்ச நாள் கேட்டனான். பிறகு ஏலாமப் போச்சு, கழட்டிட்டன். ஆனா இருந்து அழ ஒரு இடம் வேணுமெல்லோ. வீட்டுக்குள்ள அழுதா நீர் பயந்திடுவீர்."

"அந்தக் கப்பல் கதை?"

"எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு நீர் நிம்மதியா இருக்கட்டும் எண்டு சொன்னது." அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொல்லச் சொல்ல, அவள் கப்பலில நிக்கிற மாதிரி எனக்கும் இருந்திது."

இவ்வளவு நாளும் ஜெயமலர் காப்பாற்றியது யாரை? ஒரு மனுஷனைத் தனியாக அழவிட்டு, அதற்குக் காவலும் நின்றிருக்கிறாள்.

"முப்பத்தொண்டு அண்டைக்கு நான் இதுக்குள்ளதான் இருந்தன்," என்றார் அரியரட்ணம். "நீர் சோத்தோட வந்து காகத்தைக் கூப்பிட்டதைப் பின்பக்கம் பாக்கிற கண்ணாடியில பாத்தன். ஹோர்னை அடிப்பமோ எண்டு கை போனது. நீர் திடுக்கிட்டு ஏங்கிப் போவீர் எண்டு விட்டிட்டன். கொள்ளி வைக்கத்தான் எனக்குக் குடுத்து வைக்கேல்லை. அந்தப் பிடி சோத்தையாவது நான் வைச்சிருப்பனெல்லோ, ஜெயம்."

ஜெயமலர் இறங்கி உள்ளே போனாள். மத்தியானத்துக்கு வடித்த சோற்றில் ஒரு பிடியும் கொஞ்சம் பருப்பும் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். நாளும் தப்பிவிட்டது, முறையும் தப்பிவிட்டது. எந்த ஐயரைக் கேட்டாலும் சிரிப்பார்.

அரியரட்ணம் பின்வளவில் குனிந்து சோற்றைப் புல்லில் வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் புல்லு வெட்டிக்கொண்டிருந்தார். காகம் ஒன்றையும் காணவில்லை.

"கா," என்று கூப்பிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டார். பிறகு வாயைத் திறந்தபோது அவருக்கு "பவளம்" என்றுதான் வந்தது. புல்லு வெட்டிய மனுஷன் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்க, அவர் இன்னும் உரத்து, "பவளம், எடி பவளம்," என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றார்.